போலீஸ் புராணம்

நமது நாட்டில் புராணங்கள் பதினெட்டு என்று பண்டிதர்கள் கணக்குச் சொல்லுகின்றார்கள். அந்தக் கணக்கு தப்பு என்பது நமது அபிப்பிராயம். பத்தொன்பதாவதாக ஒரு புராணம் உண்டு. மற்றப் புராணங்களை எழுதினவர்கள் என்றைக்கோ செத்துப் போனார்கள். இந்தப் புராணமோ ஊருக்கு ஊர் போலீஸ் ஸ்டேஷனில் தினந்தோறும் புதிது புதிதாக எழுதப்பட்டு வருகின்றது. அதற்கு முதல் தகவல் அறிக்கை என்று பெயர். மற்றப் புராணங்களை நம்பாதவனுக்குச் செத்த பிறகுதான் நரகம் என்கின்றார்கள். இந்தப் புராணத்தை நம்பாதவனுக்கு உயிரோடு இருக்கும்போதே, அதுவும் சொந்த ஊர் ஸ்டேஷனிலேயே நரகம் கிடைத்துவிடும்.

இதில் வரும் அற்புதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. பிடிபட்டவன் கக்கூசில் வழுக்கி விழுவான். விழுந்தவனுக்குக் கை முறியும். மறுநாள் மாவுக்கட்டோடு பத்திரிகையில் படமும் வரும். அதே கக்கூசுக்குத்தான் கான்ஸ்டேபிள்களும் போய் வருகின்றார்கள். அவர்களில் ஒருவராவது வழுக்கி விழுந்து கை முறிந்ததாக நாம் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அப்படி வழுக்குகின்ற இடத்தைச் சுரண்டிக் கழுவ ஒரு சர்க்காருக்குமா காசில்லை?

இவையெல்லாம் வேடிக்கைக்குச் சொல்லுவதல்ல. 2020-ம் வருஷம் ஜூன் மாதம் 19-ந் தேதி தூத்துக்குடி ஜில்லா சாத்தான்குளத்தில், கொரோனா ஊரடங்கு நேரம் கடந்தும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஒரு தகப்பனையும் மகனையும் போலீசார் பிடித்துப் போனார்கள். சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இருவரும் பிணமானார்கள். முதல் தகவல் அறிக்கை என்ன சொல்லிற்று? அவ்விருவரும் தாங்களாகவே தரையில் உட்கார்ந்து, உருண்டு புரண்டார்களாம். அதனால் உள்காயம் பட்டதாம். இரணியனைத் தூணிலிருந்து வந்த நரசிம்மம் கிழித்தது என்பதைக்கூட ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடலாம். வயது வந்த இரண்டு ஆண்கள் தெருவில் உருண்டு உருண்டே செத்துப் போனார்கள் என்பதை எப்படி நம்புவது? பக்கத்துக் கடையிலிருந்த காமிரா அங்கே யாரும் உருளவில்லை என்று காட்டிவிட்டது. ஸ்டேஷனுக்குள் இருந்த காமிராவோ, பதிவுகளெல்லாம் அன்றன்றைக்குத் தானாகவே அழிந்து போகும்படி முன்கூட்டியே அமைத்து வைக்கப்பட்டிருந்ததாக விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டு கண்டு எழுதினார். அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் ஏட்டு, விடிய விடிய அடித்தார்கள் என்றும், லத்தியிலும் மேஜையிலும் இரத்தக்கறை இருந்தது என்றும் துணிந்து சாட்சி சொன்னார். அந்த அம்மை ஒருத்தி வாய் திறக்காதிருந்தால், உருண்ட கதையே இன்றைக்கும் நிலைத்திருக்கும்.

போலீஸ்காரர் சொல்லுவதை நம்பக் கூடாது என்றா சொல்லுகின்றாய், நீ அராஜகக்காரனா என்று நம்மைச் சில கனவான்கள் கேட்கக்கூடும். இதை முதலில் சொன்னவர்கள் நாம் அல்ல, சட்டம் எழுதினவர்களேதான். 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 25-வது பிரிவில், போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படுவது அவனுக்கு விரோதமான ருஜுவாகாது என்று அடித்து எழுதிவிட்டார்கள். 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் 23-வது பிரிவாக அதையே வைத்திருக்கின்றார்கள். காரணம் என்ன? அடித்தால் எவனும் எதையும் ஒப்புக்கொள்ளுவான் என்பது வெள்ளைக்காரனுக்கு நம் சென்னை மாகாணத்திலேயே நன்றாகத் தெரிந்திருந்தது. 1855-ல் இங்கே ஒரு சித்திரவதை விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் குடியானவர்களுக்குப் போடப்பட்ட கிட்டி, அண்ணாந்தாள் முதலிய கொடுமைகளைப்பற்றி ஏறக்குறைய இரண்டாயிரம் புகார்கள் அதற்கு வந்தன. தூர தேசத்திலிருந்தெல்லாம் கால்நடையாக நடந்து வந்து, கமிஷனர்கள் முன் நின்று ஜனங்கள் தங்கள் உடம்பைக் காட்டினார்கள். கொடுமை நடப்பது உண்மையே என்று கமிஷனும் எழுதிற்று. இது நடந்து நூற்று எழுபது வருஷங்கள் ஆகின்றன. கிட்டி போய் லத்தி வந்தது. வேறு என்ன மாறிற்று என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்தப் புராணத்தை ஒரு மலையடிவாரத்து ஊர் ஜனங்கள் எப்படிக் கிழித்துப் போட்டார்கள் என்பதைச் சொல்லவே இதை எழுத உட்கார்ந்தோம். ஊரின் பெயர் வாச்சாத்தி. தர்மபுரி ஜில்லா, அரூர் தாலுகா, சித்தேரி மலைக்கு அடியில் இருக்கின்றது. அங்கே இருப்பவர்கள் மலையாளி என்னும் பெயருடைய மலைவாழ் ஜனங்கள். (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.) அவர்களுக்கு நிலமும் கொஞ்சம், காசும் கொஞ்சம். சந்தன மரம் மட்டும் மலையில் ஏராளம்; அந்த மரந்தான் அவர்களுக்கு எமனாக வந்தது.

1992-ம் வருஷம் ஜூன் மாதம் 20-ந் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு காட்டிலாகாவினர், போலீசார், ரெவின்யூ உத்தியோகஸ்தர்கள் ஆக மூன்று இலாகாக்காரரும் லாரி லாரியாக அவ்வூரில் வந்து இறங்கினார்கள். ஆண்களில் பெரும்பாலோர் மலைக்கு ஓடிவிட்டார்கள். அகப்பட்ட பெண்களையும் கிழவர்களையும் குழந்தைகளையும் ஊர் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். பிறகு அந்தக் கூட்டத்திலிருந்து பதினெட்டு இளம் பெண்களைப் பொறுக்கி எடுத்து, கட்டை புதைத்திருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும் என்று ஏரிப்பக்கம் கொண்டு போய்க் கெடுத்தார்கள். அன்றிரவு அரூர் காட்டிலாகா ஆபீசில் அடைத்து வைத்து மேலும் அவமானப்படுத்தினார்கள். முடிவில் அந்தப் பெண்கள் பேரிலேயே சந்தனக் கட்டை கடத்தினதாக வழக்கெழுதி, ஊர்ப் பெண்களில் ஏறத்தாழ தொண்ணூறு பேரைக் குழந்தைகளோடு சேலம் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் முன்னதாகவே மிரட்டிச் சொல்லியிருந்தார்கள்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒருவாறு ஆத்திரத்தில் செய்தது என்று யாராவது வக்காலத்து வாங்கலாம். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்து, ஆளில்லாத ஊரில் வீடுகளை இடித்தார்கள். தானியத்தில் கண்ணாடித் தூளைக் கலந்தார்கள். ஆட்டையும் கோழியையும் அறுத்துத் தின்று, மிச்சத்தைக் குடிதண்ணீர்க் கிணற்றில் போட்டார்கள். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடத்துச் சர்டிபிகேட்டு வரையில் கொளுத்தினார்கள். சந்தனக் கட்டைக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? இனி இங்கே மனிதர் குடியிருக்கக் கூடாது என்று தீர்மானித்துச் செய்த காரியம் இது.

இதற்குச் சர்க்கார் எழுதின புராணம், கடத்தல்காரர்களைப் பிடிக்கப் போனோம், ஜனங்கள் எங்களைத் தாக்கினார்கள், வேறொன்றும் நடக்கவில்லை என்பது. அன்றைய ஆட்சியாளரும் அதையே பாராயணம் செய்தார்கள். ஊரோ காலி. பாதிப் பேர் ஜெயிலில். மீதிப் பேர் மலையில், மழையில். யார் வந்து கேட்பார்கள்?

சில வாரங்கள் கழித்து மலைவாழ் மக்கள் சங்கத்தார் கேட்டார்கள். சங்கத்துத் தோழர் பெ. சண்முகமும் மற்றவர்களும் சங்கதி கேள்விப்பட்டு ஊருக்குள் நுழைந்தபோது, இடிந்த சுவர்களும் நாற்றமும் அங்கங்கே சில கிழங்கட்டைகளுந்தான் இருந்தனவாம். மலைக்குப் போய் ஒளிந்திருந்தவர்களைக் கூப்பிட்டுச் சேர்த்து, ஜெயிலில் இருந்த பெண்களின் வாய்ப்பட நடந்ததைக் கேட்டு, ஒவ்வொன்றாக எழுதினார்கள். மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டுக் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் கோர்ட்டுக்குப் போனார். மனு சுப்ரீம் கோர்ட்டுக்கும் ஐகோர்ட்டுக்குமாக அலைந்தது. பொறுப்புள்ள உத்தியோகஸ்தர்கள் இப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியாது என்கிற முறையில் ஒரு கட்டத்தில் மனு தள்ளுபடியும் ஆயிற்று.

தோழர்களே! இந்த "நம்ப முடியாது" என்பதைச் சற்றுக் கவனியுங்கள். பத்துப் பெண்கள் கண்ணீரோடு சொன்னாலும் நம்ப முடியாது. பித்தளை வில்லை போட்டவன் ஒரு காகிதத்தில் எழுதினால் நம்பிவிடலாம். இது சாட்சியத்தைச் சீர்தூக்கிச் சொன்ன வார்த்தையா? பக்தியில் சொன்ன வார்த்தையா? பிராமணன் சொன்னால் வேதம், பறையன் சொன்னால் பொய் என்று மனுவில் எழுதி வைத்த அதே தராசு, கருப்பு அங்கிக்குள்ளும் புகுந்து தொங்கிக்கொண்டிருந்தது என்றே சொல்லுவோம்.

ஆனாலும் சங்கத்தார் விட்டுவிடவில்லை. தாழ்த்தப்பட்டோர், மலைஜாதியார் தேசியக் கமிஷனைச் சேர்ந்த பாமதி என்னும் பெண் அதிகாரி நேரில் போய் விசாரித்து, பெண்கள் சொல்லுவதில் உண்மை இருக்கின்றது என்று எழுதினார். ஊர்வலம், உண்ணாவிரதம், மனு என்று வருஷக்கணக்காக நடத்தின பிறகு, 1995-ல் சி.பி.ஐ. விசாரிக்க வேண்டுமென்று ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அடையாளங் காட்டும் நாளில், தங்களைக் கெடுத்தவர்களின் முகத்துக்கு நேரே அந்தப் பெண்கள் விரல் நீட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், போலீசைக் கண்டால் புதரில் ஒளிந்து பழகினவர்கள், வருஷங்கள் கழித்தும் முகம் மறக்கவில்லை.

குற்றஞ் சாட்டப்பட்டவர்கள் மொத்தம் 269 பேர். காட்டிலாகாவில் 155, போலீசில் 108, ரெவின்யூவில் 6. பெரிய உத்தியோகஸ்தர்களும் அதில் உண்டு. 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டு அத்தனை பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதற்குள் 54 பேர் செத்துவிட்டபடியால் 215 பேருக்குத் தண்டனை. அவர்களில் 17 பேர் கற்பழித்த குற்றத்துக்காக. அப்பீலை விசாரித்த ஐகோர்ட்டு நீதிபதி பி. வேல்முருகன் 2023-ல் தாமே வாச்சாத்திக்குப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, அதே வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி தண்டனைகளை உறுதி செய்தார். அசல் கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்றவே உத்தியோகஸ்தர்கள் இந்த நாடகத்தை ஆடினார்கள் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கின்றது. அன்றைய கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, ஜில்லாக் காட்டிலாகா அதிகாரி ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். பதினெட்டுப் பெண்களுக்கும் தலைக்குப் பத்து லக்ஷம் ரூபாய். அதில் பாதியைக் கற்பழித்தவர்களிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவு.

உடனே பத்திரிகைகள் "நீதி வென்றது" என்று கொட்டை எழுத்தில் போட்டன. நமக்கு அந்தத் தலைப்பைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முப்பத்தொரு வருஷம்! ஏரிக்கரைக்கு இழுத்துப் போகப்பட்டபோது இருபது வயதாயிருந்தவளுக்குத் தீர்ப்பின்போது ஐம்பத்தொன்று. கேட்பாரில்லாமல் அந்த மனுக் காகிதத்தைக் கோர்ட்டில் விட்டிருந்தால் கரையான் தின்றிருக்கும். அதைக் கரையானுக்கு விடாமல் முப்பத்தொரு வருஷம் காவல் காத்தவர்கள் சங்கத்தாரும், வாய்தாவுக்கு வாய்தா கூலியை விட்டுவிட்டுப் படியேறின அந்தப் பெண்களுந்தான். கோர்ட்டு நீதி கொடுத்தது என்பதைவிட, கோர்ட்டினிடமிருந்து நீதியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள் என்பதே பொருந்தும். அந்தப் பத்து லக்ஷத்தையும் சர்க்கார் போட்ட தர்மம் என்று எவனாவது பேசினால் அவன் வாயை அங்கேயே அடக்க வேண்டும். அது கடன், வட்டியில்லாமல் காலங்கடந்து திரும்பின கடன்.

இனி, நம்மவர்களைப்பற்றியும் சொல்லாமலிருக்க முடியாது. "நாலு தட்டுத் தட்டாவிட்டால் திருடன் உண்மை சொல்லுவானா?" என்று கேட்கின்ற யோக்கியர்கள் போலீசில் மட்டுமல்ல, நம் தெருவிலும் திண்ணையிலும் நிறைந்திருக்கின்றார்கள். 2019 டிசம்பர் 6-ந் தேதி ஐதராபாத்துக்குப் பக்கத்தில் நாலு பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். ஒரு பெண்ணைக் கெடுத்துக் கொன்றதாக அவர்கள் மேல் குற்றச்சாட்டு. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது. துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள், சுட்டோம் என்பது போலீஸ் புராணம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? போலீசார்மீது பூவைத் தூவினார்கள்! கல்லுக்குப் பூப் போடுகிறவனை நாம் பரிகசிக்கின்றோம். துப்பாக்கிக்குப் பூப் போடுகிறவனை என்ன சொல்லுவது? 2022-ல் நீதிபதி சிர்புர்கர் கமிஷன் அந்தக் கதை நம்பத்தக்கதல்ல, வேண்டுமென்றே கொல்லச் சுட்டார்கள் என்று சொல்லிற்று. செத்தவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொல்லிற்று. தூவின பூவை யாரும் திரும்ப எடுத்ததாகத் தெரியவில்லை. பெண்ணைக் கெடுத்தவனைத் தண்டிக்க வேண்டாமா என்றால், தண்டிக்கத்தான் வேண்டும். வாச்சாத்தியில் கெடுத்தவர்கள் யார் என்பதை மட்டும் அப்போது ஞாபகப்படுத்திக்கொண்டு பேசுங்கள். அந்தப் பதினேழு பேருக்கு வழக்கும் வக்கீலும் அப்பீலும் எல்லாம் கிடைத்தன.

யாருக்கு அடி விழுகின்றது என்பதையும் பாருங்கள். பிறந்த ஜாதியே குற்றம் என்று ஒரு சட்டம் இந்த நாட்டில் 1871 முதல் இருந்தது. கைரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்த பெருங்காமநல்லூர் கள்ளர்களில் பதினாறு பேரை 1920 ஏப்ரல் 3-ந் தேதி சுட்டுத் தள்ளினார்கள். அந்தச் சட்டத்தைச் சென்னை மாகாணத்தில் 1947-ல் எடுத்துவிட்டார்கள். புத்தகத்திலிருந்து எடுத்தார்களேயொழிய ஸ்டேஷனிலிருந்து எடுக்கவில்லை. ஊரில் களவு போனால் இன்றைக்கும் ஜீப்பு எந்தத் தெருவுக்குப் போகின்றது? மாடி வீட்டுக்கா? குறவர் குடிசைக்கும் இருளர் குடிசைக்குமல்லவா? திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா. கல்விமணியும் தோழர்களும் இருளர்களுக்கென்று ஒரு பாதுகாப்புச் சங்கம் கண்டதும் இதனாலேதான். அடிபடுகிறவன் நம் ஜாதியில்லை என்று மற்ற ஜாதியார் கதவைச் சாத்திக்கொள்ளுகின்றார்கள். சாத்தான்குளத்தில் அடிபட்டவர்கள் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர்கள். லத்திக்கு ருசி கண்டுவிட்டால் அது எந்தத் தெருவோடும் நிற்பதில்லை.

கான்ஸ்டேபிள்களைப்பற்றி ஒரு வார்த்தை. அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. சங்கம் வைக்க அவர்களுக்கு உரிமையில்லை. அதிகாரி வீட்டில் எடுபிடி வேலை செய்து, அங்கே வாங்கின வசவை இங்கே வந்து இளிச்சவாயன் முதுகில் இறக்கிவைக்கின்றார்கள். அவர்களுக்காகவும் இரங்குகின்றோம், ஆனால் அவர்கள் கையிலிருக்கும் லத்திக்காக இரங்க முடியாது.

ஆகவே, அடி விழுந்த பிறகு சங்கம் தேடுவதை விட்டு, விழுமுன்பே ஊருக்கு ஒரு கமிட்டி வைத்துக்கொள்ளும்படி வேண்டுகின்றோம். அது ஒரே ஜாதிக் கமிட்டியாக இருக்கக் கூடாது. ஒரே ஜாதியென்றால் அதை ஜாதிச் சண்டை என்று எழுதிப் புராணத்தை முடித்துவிடுவார்கள். பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். யாரையாவது பிடித்துப் போனார்கள் என்று தெரிந்தால், அவன் தாயோ பெண்டாட்டியோ மட்டும் ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டு நிற்க விடாமல் கமிட்டியார் கூடப் போக வேண்டும். பிடித்த நேரம், பிடித்தவர் பெயர், வண்டி எண் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. மாஜிஸ்திரேட்டு முன் நிற்கும்போது சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டச் சொல்லுங்கள். வெட்கம் அடிபட்டவனுக்கல்ல. ரிமாண்டு என்பது ரப்பர் ஸ்டாம்பு குத்துகிற காரியமல்ல என்பது அப்போதுதான் அவருக்கும் ஞாபகம் வரும்.

1996 டிசம்பர் 18-ந் தேதி டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு பதினொரு கட்டளைகள் போட்டது. கைது செய்கிறவர் பெயர் தெரியும்படி வில்லை அணிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி ஒரு சாட்சியிடமும் பிடிபட்டவனிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். உறவினருக்கோ சிநேகிதருக்கோ சொல்லி அனுப்ப வேண்டும். காவலில் இருப்பவனை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பவை அவற்றில் சில. அந்தக் கட்டளைகளை ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் எல்லோர் கண்ணிலும் படுகின்ற இடத்தில் எழுதி மாட்ட வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் அந்தப் பலகை மாட்டியிருக்கின்றதா, அல்லது பீரோவுக்குப் பின்னால் கிடக்கின்றதா என்று இந்த வாரமே போய்ப் பார்த்து நமக்கு எழுதுங்கள். ஒருவராய்ப் போக வேண்டாம். பத்துப் பேராய்ப் போங்கள்.